பட்டாளத்துத் தாத்தா படம்: வண்ணம் தீட்டிய பழைய ராணுவ போட்டோவை அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

மதுரையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சாமி படங்களுக்கு அடுத்த ஆணியில் பட்டாளத்துத் தாத்தா தொங்குவார். கன்னத்தில் ரோஸ், சட்டைக்குக் காக்கி, நெஞ்சில் இரண்டு மூன்று ரிப்பன், கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு. வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தப் படம் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், பர்மா தேக்குப் பிரேமுக்குத்தான் விலை பேசுவார்கள். உள்ளே இருக்கிறவருக்கு விலை கிடையாது. பிரேமை வைத்துக்கொண்டு படத்தை ஓரமாகப் போடுவதும் நடக்கிறது. இந்த இழப்பு தேவையில்லாதது. படத்தைப் பார்க்கத் தெரிந்தால் அவர் எந்தப் படையில், ஏறக்குறைய எந்த வருஷத்தில், எந்தப் பதவியில் இருந்தார் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்களில் கண்ணுக்கு முதலில் தெரிவது வண்ணம். சாட்சியாகக் கடைசியில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் வண்ணம்தான். கேமராவில் பதிந்தது கறுப்பு வெள்ளை. வண்ணத்தைப் பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒருவர் தீட்டினார். அவர் அந்தச் சீருடையை நேரில் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. எனவே வண்ணத்துக்கு அடியில் இருப்பதை முதலில் படிக்க வேண்டும்.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (நகைக்கடைக்காரர்களும் வாட்ச் ரிப்பேர் செய்பவர்களும் வைத்திருப்பது போதும்), ஒரு சிறிய டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அங்குலமும் சென்டிமீட்டரும் உள்ள ஸ்கேல், மெல்லிய பிரஷ், பென்சில், செல்போன். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் வேண்டாம். அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும்.

படத்தைப் பிரேமிலிருந்து உடனே பிரிக்காதீர்கள். சுவரில் இருந்தபடி ஒரு போட்டோ, இறக்கியபின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், பின்னால் இருக்கிற எழுத்து, சீட்டு, ஆணி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பிரித்தபின் எது எதோடு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது போட்டோதானா?

லென்ஸை முகத்தின் நிழல் பகுதியில் வையுங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த படம். பல நிற நுண்துளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் இன்க்ஜெட் பிரிண்ட், அதாவது இந்தக் காலத்துப் பிரதி. புள்ளியே இல்லாமல் நிழல் மெல்ல மெல்லக் கரைந்து போனால் உண்மையான போட்டோ.

இந்த வட்டாரத்தில் இந்தச் சோதனையை விடவே கூடாது. ராணுவ உடையில் நேதாஜி நிற்கும் வண்ணப் படம் கமுதி, பசும்பொன் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அச்சுப் படங்கள், காலண்டர் படங்கள். அவற்றின் மதிப்பு வேறு. கையால் வண்ணம் தீட்டிய போட்டோ என்று சொல்லி யாராவது விற்றால் லென்ஸ் உடனே பதில் சொல்லிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. மிக மங்கலாக ஒரு என்லார்ஜ்மென்ட் போட்டு, அதன்மேல் கரி, கிரேயான், பேஸ்டல் கொண்டு முகத்தையே வரைந்துவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் புருவத்திலும் மீசையிலும் கோடு கோடாகத் தெரியும். காதின் உள்மடிப்பு போன்ற நுட்பம் இருக்காது. இதைப் போலி என்று தள்ளக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அளவுப் படம் வேண்டும் என்றால் இப்படிச் செய்வது சாதாரணம். ஆனால் பட்டன், பேட்ஜ் போன்றவற்றுக்கு அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

தாள் சொல்லும் காலம்

தாள் மிக மெல்லியதாக, கெட்டி அட்டையில் ஒட்டியதாக, நிழல் பழுப்பாகவும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவும், லென்ஸில் தாளின் நார் தெரிவதாகவும் இருந்தால் அது அல்புமென் பிரிண்ட். 1850-களிலிருந்து 1890-கள் வரை அதுதான் பெருவழக்கு. 2½ × 4 அங்குல அட்டை ‘கார்ட் தெ விசித்’. 4¼ × 6½ அங்குலம் ‘கேபினட்’. இந்த வகையில் நம் பக்கத்துச் சிப்பாய் படம் கிடைத்தால் மிக அபூர்வம். அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

நமக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை ஜெலட்டின் சில்வர் பிரிண்ட், ஸ்டூடியோக்காரர் பேச்சில் ‘புரோமைடு’. தாளின் நார் தெரியாது. நடுவில் பேரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு உண்டு. பழைய படமானால் ஓரத்துக் கறுப்புப் பகுதியைச் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரியும். படத்திலுள்ள வெள்ளி மெல்ல மேலே வந்து படிவதால் வருவது அது. இன்க்ஜெட் பிரதியில் அதைக் கொண்டுவர முடியாது.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது போட்டோத் தாளில் பரவலானது 1950-களிலிருந்து. முதல் உலகப்போர்ப் படம் என்று சொல்லப்படுவது இப்படி ஒளிர்ந்தால் ஒன்று அது பின்னாளில் எடுத்த காப்பி, அல்லது சொன்ன கதை தவறு. ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாத் தாளிலும் அந்த ரசாயனம் போடவில்லை. பசையும் பூஞ்சையும் கூட ஒளிரும். ஆகவே தாளின் வெறும் ஓரத்தைப் பாருங்கள்.

பின்பக்கம் தாள் கம்பெனி பெயர் தெரிந்தால் நல்லது. கெவர்ட்டும் அக்ஃபாவும் 1964-ல் ஒன்றானவை. ‘அக்ஃபா-கெவர்ட்’ என்று சேர்த்து இருந்தால் அதற்குப் பிந்தைய தாள். ஊட்டியிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ முத்திரை இருந்தால் 1960-களின் கடைசிக்குப் பிறகு. தொட்டால் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும் தாள் 1970-களிலும் அதற்குப் பின்னும் வந்தது.

ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்பை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ‘மதுரா’ என்று இருந்தால் பழைய வழக்கம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். மாநிலம் ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் 1969-க்கு முன் செய்த ஸ்டாம்ப். விலை அணாக் கணக்கில் பென்சிலால் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்; நயா பைசா என்றால் 1957-லிருந்து 1964 வரை. தமிழில் பெயர் எழுதியிருந்தால் லை, னை, றா, னா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல். ஒரு ஸ்டாம்பை ஸ்டூடியோக்காரர் பல வருஷம் வைத்திருப்பார், பழகிய கை பழைய எழுத்தையே எழுதும் என்பதையும் மனதில் வையுங்கள். பின்கோடு போல ‘இதற்கு முன் இருந்திருக்க முடியாது’ என்று சொல்லும் குறிப்புகள் உறுதியானவை. ‘இதற்குப் பின் இருக்காது’ என்பவை அவ்வளவு உறுதியல்ல.

படம் மதுரையில்தான் எடுத்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரில் இருந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சிப்பாய்கள் பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை கிடைத்தாலும் வியப்பில்லை.

வண்ணத்தை எப்படிப் பார்ப்பது

படத்தைக் கிடத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். ஆயில் கலர் என்றால் தீட்டிய இடம் மெல்லிய படலமாக மேலே நிற்கும். பளபளப்பு சுற்றுப்புறத்திலிருந்து மாறியிருக்கும். டர்பன்டைன் தொட்டுப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் போட்ட வட்டத் தடமும் சில சமயம் தெரியும். தண்ணீரில் கரைத்த சாயம் ஜெலட்டினுக்குள் ஊறிவிடுவதால் மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. ஓரங்களில் மட்டும் சாயம் தேங்கிய கோடு இருக்கும். பேஸ்டல் என்றால் மாவுத் துகள் தாளின் மேட்டில் மட்டும் ஒட்டியிருக்கும். ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்து இது எந்தக் கலர் என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். சாயம் என்றால் அந்த ஒரு தொடலிலேயே போய்விடும்.

அடுத்ததுதான் இருக்கும் சோதனைகளிலேயே பயனுள்ளது. பிரேமைப் பிரித்த பிறகு, இத்தனை வருஷம் பிரேமின் உதட்டுக்கு அடியில் மறைந்திருந்த கால் அங்குல ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த ஓரத்தில் பழைய வண்ணம் அப்படியே இருக்கும். உண்மையான பழைய படத்தில் ஓரத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். ரோஸ், சிவப்புச் சாயங்கள் முதலில் வெளுக்கும். பழுப்பும் காக்கியும் தாங்கும். அதனால்தான் பல படங்களில் கன்னம் வெளிறி, சட்டை மட்டும் நிறமாக இருக்கிறது. ஓரமும் நடுவும் ஒரே நிறம், கன்னம் பளிச்சென்ற ரோஸ் என்றால் படம் இருட்டுப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்ணம் புதிது.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் புதிதாக வண்ணம் தீட்டி விலையேற்றுவதைக் கண்டுபிடிக்க, ஜெலட்டினில் உள்ள வெடிப்பில் லென்ஸை வையுங்கள். வெடிப்புக்குள்ளும் சாயம் இறங்கியிருந்தால் வெடித்த பிறகு தீட்டியது. பழைய வண்ணமானால் வெடிப்பு அதையும் சேர்த்துக் கிழித்திருக்கும். உள்ளே வெள்ளைப் பூச்சு தெரியும். கறைகளிலும் இதே கதைதான்: கறை வண்ணத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

கழுத்தையும் காலரையும் தனியாகப் பாருங்கள். ஊருக்குத் திரும்பாதவர்களுக்கு வீட்டார் பெரும்பாலும் குரூப் போட்டோவிலிருந்தோ சிறு அடையாளப் படத்திலிருந்தோ முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, உடம்பை ஓவியரை வைத்து வரையச் செய்தார்கள். முகத்தில் வெளிச்சம் இடமிருந்தும் சட்டையில் வலமிருந்தும் விழுவது, முகத்தில் போட்டோ நுட்பமும் சட்டையில் வெறும் தூரிகையும் இருப்பது, கழுத்து கொஞ்சம் நீண்டுவிடுவது, இவை அதன் அடையாளங்கள். குடும்பத்துக்கு இதைவிட மதிப்புள்ள படம் இருக்காது. ஆனால் அதில் வரைந்த பேட்ஜையும் பதக்கத்தையும் வைத்துப் படைப்பிரிவைச் சொல்லக்கூடாது.

சீருடையைப் படிப்பது

பெரிதாக ஸ்கேன் செய்தபின் இதைச் செய்யுங்கள். கார்டு அளவுக்கும் கீழானவற்றுக்கு 1200 டி.பி.ஐ., பெரிய படத்துக்கு 600, டிஃப் கோப்பாக. கணினியில் வண்ணத்தை முழுக்க நீக்கிக் கறுப்பு வெள்ளையாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத்தான் வேலை.

பித்தளைத் தோள்பட்டை எழுத்து கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். குடியரசானபின் ராயல் போய் ஏ.எஸ்.சி. ஆனது. ஆர்.ஐ.ஏ.எஃப். என்றால் 1945-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட விமானப்படை. அதற்கு முன்னும் பின்னும் ஐ.ஏ.எஃப். ஐ.இ.எம்.இ. (வண்டி, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் படை) 1943-ல் தொடங்கியது. ஆர்.ஐ.என்., அதாவது ராயல் இந்தியன் நேவி, 1934 முதல் 1950 வரையிலான கடற்படை.

மெட்ராஸ் ரெஜிமென்ட் விஷயத்தில் அடிக்கடி தவறு நடக்கிறது. 1758-லிருந்து வரும் படை என்பதால் எந்த வருஷத்துப் படத்துக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். முதல் உலகப்போரில் நம் பக்கத்துக் காலாட்படைகள் எண்ணோடு இருந்தன: 63-வது பாளையங்கோட்டை லைட் இன்பான்ட்ரி, 73, 75, 79, 80-வது கர்நாடிக் இன்பான்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்பான்ட்ரி. 1922 சீரமைப்பில் மிஞ்சியவை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் கலைக்கப்பட்டது. மறுபடி எழுப்பியது 1941-ல். ஆகவே 1930-களில் எடுத்தது என்று உறுதியாகத் தெரிகிற படத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; அந்த வருஷங்களில் தமிழர் பெரும்பாலும் சாப்பர்ஸில் இருந்தார்கள். மெட்ராஸ் பயனியர்ஸும் 1933-ல் கலைக்கப்பட்டது.

காலில் துணிப்பட்டி சுற்றியிருந்தால் முதல் உலகப்போரிலிருந்து இரண்டாவதின் தொடக்கம் வரை எதுவும் இருக்கலாம். கணுக்காலைச் சுற்றி மாட்டும் கான்வாஸ் ஆங்லெட் என்றால் இரண்டாம் உலகப்போரும் அதற்குப் பின்னும். கிரீடம் இருக்கிறதா, அசோகச் சிங்கம் இருக்கிறதா என்பது படங்களை 1950 ஜனவரி 26-க்கு முன், பின் என்று பிரிக்கிற கோடு. கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் உள்ள தமிழ்ச் சிப்பாயை லெப்டினன்ட் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலும் அவர் ஜமேதார். 1965-ல்தான் ஜமேதார் பதவிக்கு நாயிப் சுபேதார் என்று பெயர் மாறியது. ஜமேதார், சுபேதார் என்பது குறைந்த பெருமை இல்லை. சிப்பாயாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் உழைத்து எட்டிய இடம் அது.

சீருடையின் பச்சையை நம்பாதீர்கள். விடுதலைக்குப் பிறகு இந்திய ராணுவம் காக்கியை விட்டு ஆலிவ் பச்சைக்கு மாறியது உண்மை. ஆனால் 1944-ல் எடுத்த படத்தை 1965-ல் என்லார்ஜ் செய்யக் கொடுத்தால், ஓவியர் அன்றைக்குத் தெருவில் பார்த்த பச்சையைத்தான் அடிப்பார்.

ரிப்பன்தான் அதிகம் ஏமாற்றும். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். அந்தக் கறுப்பைப் பார்த்து ஓவியர் கருநீலம் அடித்துவிடுவார். எனவே நிறத்தை விட்டுவிட்டுக் கோடுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரின் விக்டரி மெடல் ரிப்பன் நடுவில் சிவப்புள்ள இரட்டை வானவில். பழைய பிளேட்டில் நடு கறுத்து ஓரம் வெளுத்துத் தெரியும். பிரிட்டிஷ் வார் மெடல் நடுவில் அகலமான ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். இரண்டாம் உலகப்போரில் பர்மா ஸ்டார் கருநீலம், நடுவில் அகலச் சிவப்பு, இருபுற நீலத்துக்குள்ளும் ஆரஞ்சுக் கோடு. 1939–45 ஸ்டார் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் சம அகலத்தில். இத்தாலி ஸ்டார் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. 1947 விடுதலைப் பதக்கம் காவி, வெள்ளை, பச்சை சம அகலம். பர்மா ஸ்டார் ஏற்படுத்தியதே 1945-ல். அந்த ரிப்பன் இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. ‘சண்டைக்குப் போவதற்கு முன் எடுத்த படம்’ என்ற கதை பொருந்தாது. 1965 போருக்கு ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும், 1971-க்கு சங்க்ராம் மெடலும் கிழக்கு, மேற்கு ஸ்டார்களும் உண்டு.

பதக்கம் வலது மார்பில் தெரிகிறதா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கலாம். பட்டன் மடிப்பும் இடவலம் மாறி இருந்தால் அதுதான் காரணம். பட்டன் சரியாக இருந்து பதக்கம் மட்டும் வலப்பக்கம் என்றால், இறந்தவரின் பதக்கத்தை மகனோ தம்பியோ குத்தியிருக்கலாம். அப்படி வலப்பக்கம் குத்துவது வழக்கம்.

பட்டாளத்துக்காரர் இல்லாதவர்கள்

பெல்ட்டும் பேட்ஜும் இருந்தால் எல்லாம் மிலிட்டரி ஆகிவிடாது. கலெக்டர் ஆபீஸ் டவாலி குறுக்குப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டிருப்பார். ரிசர்வ் போலீஸ், மலபார் ஸ்பெஷல் போலீஸ், வனக்காவலர், ரயில்வே கார்டு, போர்க்கால ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் பாதுகாப்பு) தொண்டர், 1948-க்குப் பின் என்.சி.சி. மாணவர் எல்லோரும் ராணுவம் போலவே தெரிவார்கள். மதுரை நாடகக் கம்பெனிகளின் ஊர் என்பதால் மேடை உடையில் எடுத்த படங்களும் வரும். இரண்டு படைகளின் பேட்ஜ் ஒன்றாக, கழுத்தில் ஜரிகை, கண்ணில் மை என்றால் அது நடிகர். அந்தப் படத்துக்கும் தேடுகிறவர்கள் உண்டு. ராணுவப் படமாக மட்டும் விற்காதீர்கள்.

இந்திய தேசிய ராணுவத்துப் படம் என்று சொன்னால் ஒரு படி கூடுதலாக எச்சரிக்கை வேண்டும். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் சீருடை பிரிட்டிஷ் காக்கியை ஒத்தது. முகத்தையும் காக்கியையும் வைத்து முடிவு சொல்ல முடியாது. தியாகி பென்ஷன் ஆணை, 1972-ல் வழங்கிய தாமிரப் பத்திரம், விசாரணைக் கைதியாக இருந்த காகிதம் ஏதாவது அதே பெயரில் வேண்டும்.

பிரேமுக்குப் பின்னால்

பின்பலகையை எடுக்கும்போது ஆணியை இடுக்கியால் நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணாடி மூலை உடையும். உள்ளே அடைத்திருக்கும் பத்திரிகைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சுதேசமித்திரனோ, 1934-ல் தொடங்கிய தினமணியோ, 1942-ல் மதுரையிலேயே தொடங்கிய தினத்தந்தியோ, அதிலுள்ள தேதி பிரேமைக் கடைசியாக மூடிய காலத்தைச் சொல்லும். அந்தத் தேதிக்கு முன் மூடியிருக்க முடியாது.

படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகி ஒட்டுவதால் வருவது அது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது வண்ணம் தீட்டாத படத்துக்கே ஆபத்து. சாயம் போட்ட படத்துக்கு அழிவு. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறச் சந்தனம், குங்குமம், விளக்குப் புகையைத் துடைக்க, துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். ஸ்ப்ரேயை நேரடியாக அடித்தால் ஓரம் வழியே உள்ளே இறங்கும். குங்குமம் படத்தின் மேலேயே வைக்கப்பட்டிருந்தால் அப்படியே விடுங்கள். தேய்த்தால் சிவப்பு பரவும், பிறகு எடுக்கவே முடியாது.

லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகிய பசை ஜெலட்டினோடு ஒன்றாகிவிடும்; அதன்பின் அந்தப் படத்துக்குச் சந்தையில் விலை இல்லை.

விலை

விலையில் முதலிடம் பெயருக்குத்தான். யார் என்று தெரியாத, நன்றாகத் தீட்டிய பெரிய படத்தைவிட, பெயர், எண், படைப்பிரிவு மூன்றும் காகிதத்தோடு நிரூபணமாகிற சிறிய மங்கலான படம் அதிக விலைக்குப் போகும். சேகரிப்பவர்கள் படத்தோடு டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், கடிதம் சேர்ந்த தொகுப்பைத்தான் தேடுகிறார்கள். முதல் உலகப்போரின் வார் மெடலிலும் விக்டரி மெடலிலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படை பொறித்திருக்கும். அந்த எழுத்தும் படத்தின் பெயரும் ஒத்துப்போனால் மதிப்பு பல மடங்கு. பிரித்து விற்றால் இந்த மதிப்பு திரும்ப வராது. பதக்கம் ஒருவரிடம், படம் இன்னொருவரிடம் என்று போக விடாதீர்கள்.

பெயர் தெரியாவிட்டால் குடும்பத்தில் மூத்தவரிடம் கேட்டுப் பென்சிலால் ஒரு தனிச் சீட்டில் எழுதுங்கள்: சொன்னவர் யார், என்ன உறவு, என்றைக்குச் சொன்னார் என்பதோடு. படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைக்கும், மை ஊறும். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை இணையத்தில் பெயர், படைப்பிரிவு வைத்துத் தேடலாம். இந்திய வீரர்களுக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் பல பதிவுகளில் இருக்கின்றன. பழைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ‘மதுரா’, ‘ராம்நாட்’ என்று போட்டால்தான் கிடைக்கும். பென்ஷன் புத்தகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சில கிராமங்களில் 1914–1919 போருக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கல்வெட்டுப் பலகை இருக்கும். ஊர்ப் பெயர் தெரிந்தால் அதையும் போய்ப் பாருங்கள்.

பெயருக்கு அடுத்து காலம். முதல் உலகப்போரும் அதற்கு முந்தையதும் நம் பக்கத்தில் குறைவு. இரண்டாம் உலகப்போர்ப் படங்கள் தாராளம். 1965, 1971 படங்கள் இப்போதைக்குக் குடும்ப மதிப்புதான். அதற்கடுத்து வண்ண வேலையின் தரம். கண்ணின் ஈரம், நகத்தின் நிறம், பித்தளைப் பட்டனின் மின்னல் வரை தீட்டியவருக்கும், முகத்தில் ஒரே ரோஸை அப்பியவருக்கும் வித்தியாசம் உண்டு. ஸ்டூடியோ முத்திரை தெளிவாக இருந்தால் கூடும். நிலைமையில், முகத்தில் விழுந்த சேதம் ஒரு அளவு, பின்திரையில் விழுந்தது வேறு அளவு. திரையில் வெள்ளிப்பூச்சி தின்ற ஓட்டை விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும். கண்ணில் விழுந்த பூஞ்சை பாதிக்கு மேல் குறைக்கும். பின்னாளில் பெயின்ட் வைத்துச் சரி செய்தது, சேதத்தைவிட மோசமாகவே பார்க்கப்படும்.

தொகை கணக்கிட, பிரேமுக்கும் படத்துக்கும் தனித்தனி விலை வையுங்கள். தேக்கு பிரேம், பழைய கண்ணாடிக்குக் கடைக்காரர் என்ன தருவார் என்று படம் இல்லாமல் கேளுங்கள், அது தரைவிலை. பிறகு இணைய ஏலங்களில் ‘விற்று முடிந்தவை’ என்ற பிரிவில் மட்டும் தேடி, அதே காலம், ஏறக்குறைய அதே அளவு, அதே அடையாள நிலை உள்ள ஐந்தாறு படங்களின் விலையை எழுதுங்கள். கேட்கும் விலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வருஷக்கணக்கில் விற்காமல் கிடப்பவை அவை. மிக உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் நீக்கி மிச்சத்தின் நடுவை எடுங்கள். கடைக்காரர் அதில் பாதிக்கும் கீழே கேட்டால் ஏமாற்று என்று கோபப்பட வேண்டாம். வாடகையும் காத்திருப்பும் அவருடையது. ஆனால் அவர் சொல்லும் முதல் விலைக்கே கொடுக்கவும் வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர் வாங்கக் கேட்டால் ஒன்று நினைவிருக்கட்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. முதல் உலகப்போர்ப் படங்கள் இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. காலம் சந்தேகமாக இருக்கும் படத்துக்கு, இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்காமல் பார்சல் அனுப்பாதீர்கள்.

விற்க மனமில்லை, வீட்டில் இடமும் இல்லை என்றால் குறைந்தபட்சம் நல்ல ஸ்கேனாவது இருக்கட்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் செய்து காப்பகமாக வைத்திருக்கிறது. அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது கண்ணாடிமேல் பெருக்கல் குறியாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் முகத்தைக் கிழிக்காது. டேப் பிரேமில் படக்கூடாது, பழைய பாலிஷ் உரிந்து வரும். இரண்டு பக்கமும் அட்டை வைத்துப் பருத்தித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே பரணில் கிடத்தி வைத்தால் அடுத்தவர் பெட்டி அதன்மேல் வந்து உட்காரும்.